வெளியேறிய ஏழு பேரிடமும் கேளுங்கள்: எங்கள் இயக்குநர் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

இயக்குநர் குழு உறுப்பினர்களுக்கு,

போன திங்கட்கிழமை காலை உங்களிடமிருந்து இரண்டு மின்னஞ்சல்கள் வந்தன. எங்கள் பிரிவின் மேலாளர் இனி மூன்று பிரிவுகளுக்கும் தலைவர் என்று முதல் மின்னஞ்சல் சொன்னது. அடுத்த மாதம் ‘ஊழியர் மனநல வாரம்’ நடக்கும், மூச்சுப் பயிற்சியும் மன உறுதியை வளர்ப்பது பற்றி ஒரு பேச்சும் உண்டு, தியானச் செயலி ஒன்றுக்கு எல்லோர் பெயரிலும் ஓராண்டுச் சந்தா கட்டப்படும் என்று இரண்டாவது சொன்னது. இரண்டுக்கும் நடுவே 40 நிமிடம்.

அந்த நேரத்துக்குள் என் மேசைக்கு நான்கு பேர் வந்துவிட்டுப் போனார்கள். யாரும் அதிகம் பேசவில்லை. ஒருவர் மட்டும், “இனிமேல் யாரிடம் போய்ச் சொல்வது?” என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. நிறுவனத்துக்குள் இரண்டு முறை எழுதிக் கொடுத்துப் பார்த்துவிட்டேன். அதனால்தான் இதை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

நான் இங்கே 14 ஆண்டுகளாக வேலை செய்கிறேன். இந்த மேலாளர் பொறுப்புக்கு வந்தபோது எங்கள் குழுவில் 11 பேர் இருந்தோம். இரண்டரை ஆண்டுகளில் 7 பேர் போய்விட்டார்கள். உங்கள் பதிவேட்டில் ஏழு பேரின் ராஜினாமாவுக்கும் ‘சொந்தக் காரணம்’ என்றுதான் எழுதியிருக்கும். வேலையை விட்டுப் போகிறவரிடம் எச்.ஆர் (மனிதவளத் துறை) நடத்தும் நேர்காணலின் படிவம் அப்படியே மேலாளரின் பார்வைக்குப் போகிறது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அனுபவச் சான்றிதழில் கையெழுத்துப் போட வேண்டியவர் அவர்தான். அந்த நிலையில் யார் உண்மையை எழுதுவார்கள்? அவர்கள் எழுதாததை என்னிடம் சொன்னார்கள். மாடிப்படியில் நின்று சொன்னவர் உண்டு, வேலையை விட்டு மூன்று மாதம் கழித்து போனில் அழுதபடி சொன்னவரும் உண்டு. காரணம் எல்லோருக்கும் ஒன்றுதான்.

ஒரு சம்பவத்தை விரிவாகச் சொல்ல வேண்டும்.

எங்கள் குழுவில் இருந்த ஒரு பெண், தான் செய்த கணக்கில் ஒரு தவறு இருப்பதைத் தானே கண்டுபிடித்தார். வாராந்திர மீட்டிங்கில் தானாகவே எழுந்து, “இது என் தவறு, இன்று மாலைக்குள் திருத்திவிடுகிறேன்” என்றார். மேலாளர் அவரை உட்கார விடவில்லை. ஏறக்குறைய 25 நிமிடம், எல்லோருக்கும் முன்னால், நிற்க வைத்தே கேள்வி கேட்டார். “உனக்கெல்லாம் யார் வேலை கொடுத்தது?” என்பதும் அந்தக் கேள்விகளில் ஒன்று. நாங்கள் எல்லோரும் கீழே பார்த்துக்கொண்டிருந்தோம். நானும்தான். அந்தப் பெண் அடுத்த மாதம் ராஜினாமா செய்தார்.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் இருக்கும். முதல் வேலையாக எங்களிடம் சேர்ந்திருந்த ஒரு பையனுக்கு அதே மாதிரி ஒரு தவறு நேர்ந்தது. அன்று சாயங்காலமே அவனுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் ஒன்பது நாள் யாரிடமும் சொல்லவில்லை. ராத்திரி தூங்காமல், யாருக்கும் தெரியாமல் தானே சரிசெய்துவிடலாம் என்று முயன்றுகொண்டிருந்தான். முதல் நாளே சொல்லியிருந்தால் அரை நாள் வேலை. ஒன்பதாம் நாள் அது வாடிக்கையாளர் கைக்குப் போய், பிறகு உங்கள் வரைக்கும் வந்தது. நீங்கள் அவனுக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தீர்கள். அவன் ஏன் ஒன்பது நாள் வாயைத் திறக்கவில்லை என்று யாரும் கேட்கவில்லை.

அந்தக் காலாண்டு அறிக்கையில்தான், எங்கள் பிரிவில் பதிவாகும் பிழைகள் வெகுவாகக் குறைந்துவிட்டன என்று மேலாளரைப் பாராட்டியிருந்தீர்கள். பிழைகள் குறையவில்லை. பிழையைச் சொல்வதுதான் நின்றுபோயிருந்தது.

இது எங்கள் அலுவலகத்தில் மட்டும் நடக்கும் விசித்திரம் இல்லை. எமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் 1990களில் மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளை ஆராய்ந்தார். நன்றாக நடத்தப்படும் குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்பதுதான் அவர் எதிர்பார்ப்பு. கிடைத்த எண்கள் நேர்மாறாக இருந்தன. நல்ல தலைமை உள்ள குழுக்களில்தான் அதிகத் தவறுகள் பதிவாகியிருந்தன. அங்கே இருந்தவர்கள் தவறைப் பயப்படாமல் வெளியே சொன்னார்கள், மற்ற குழுக்களில் மறைத்தார்கள் என்ற விளக்கத்துக்கு அவர் வந்து சேர்ந்தார். 1999இல் ஒரு உற்பத்தி நிறுவனத்தின் 51 குழுக்களை ஆராய்ந்து எழுதிய கட்டுரையில், குழுக்களுக்குள் இருக்க வேண்டிய இந்தப் பயமின்மையை ‘உளவியல் பாதுகாப்பு’ என்று குறிப்பிட்டார். அவருடைய கட்டுரைகளை நான் படித்தது அந்தப் பையனுக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்த வாரத்தில். ஒவ்வொரு பத்தியிலும் எங்கள் மீட்டிங் அறை தெரிந்தது.

அடுத்து, உடம்பு.

எங்களுக்கு இரவு 11 மணிக்கு மேல் குறுஞ்செய்தி வரும். பெரும்பாலும் அதில் வார்த்தையே இருக்காது, ஒரு கேள்விக்குறி மட்டும் இருக்கும். எந்த வேலையைப் பற்றி, எவ்வளவு அவசரம் என்று ஒன்றும் தெரியாது. எழுந்து உட்கார்ந்து, அன்று செய்த எல்லாவற்றையும் மனதுக்குள் ஓட்டிப் பார்க்க வேண்டும். பதில் போட்டால் மறுபடி சத்தமே இருக்காது. காலையில் போய்ப் பார்த்தால் அவருக்கே அது நினைவில் இருக்காது. இந்தக் கேள்விக்குறிகள் வராத ராத்திரிகளிலும் நான் 11 மணிக்கு விழித்துக்கொள்ள ஆரம்பித்தேன். விடுமுறை நாள் மாலையானாலே நெஞ்சில் ஏதோ அழுத்துகிற மாதிரி இருக்கும். போன வருடம் ஒரு சாதாரணப் பரிசோதனைக்குப் போனபோது ரத்த அழுத்தம் 150க்கு 100 என்று காட்டியது. டாக்டர் உப்பைப் பற்றிக் கேட்டார், குடும்பத்தில் யாருக்காவது இருக்கிறதா என்று கேட்டார், அப்புறம் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, “வேலை எப்படிப் போகிறது?” என்றார். என்னால் உடனே பேச முடியவில்லை.

அன்றிலிருந்துதான் இது பற்றித் தேடிப் படிக்கத் தொடங்கினேன். பிரிட்டனில் அரசு ஊழியர்களை வைத்து 1967இலும், மறுபடி 1985இல் 10,308 பேரை வைத்தும் தொடங்கிய ‘வைட்ஹால்’ ஆய்வுகள் உண்டு. பதவி ஏணியில் கீழே போகப் போக இதய நோய் கூடுகிறது என்று அவை காட்டின. புகைபிடித்தல் போன்ற பழக்கங்களைக் கணக்கில் எடுத்த பிறகும் அந்த வித்தியாசம் முழுதாக மறையவில்லை. தன் வேலையை எப்படிச் செய்வது என்று முடிவெடுக்கும் உரிமை ஒருவருக்கு எவ்வளவு இருக்கிறது என்பதற்கும் இதில் பங்கு இருப்பதாக இரண்டாவது ஆய்வு சொன்னது. ஸ்வீடன் ஊழியர்களை வைத்து 2009இல் வெளியான ஓர் ஆய்வு இன்னும் நேரடியானது. 3,122 ஆண் ஊழியர்களிடம் அவர்களுடைய மேலாளர் எப்படி நடந்துகொள்கிறார் என்று கேட்டு, பிறகு ஏறக்குறைய பத்தாண்டுகள் அவர்களின் இதய நலத்தைக் கவனித்தார்கள். தகவல் தருகிறாரா, எதிர்பார்ப்பைத் தெளிவாகச் சொல்கிறாரா, வேலையைச் செய்யத் தேவையான அதிகாரத்தைக் கொடுக்கிறாரா என்பது போன்ற கேள்விகள். மேலாளருக்கு நல்ல மதிப்பெண் கொடுத்தவர்களுக்கு மாரடைப்பு போன்ற நோய்கள் குறைவாக வந்தன. ஒரே இடத்தில் அதிக வருடம் வேலை பார்த்தவர்களிடம் அந்தத் தொடர்பு இன்னும் வலுவாக இருந்தது.

இத்தகைய ஆய்வுகள் தொடர்பைத்தான் காட்டுகின்றன, ஒரு தனி ஆளின் நோய்க்கு இவர்தான் காரணம் என்று நிரூபிப்பதில்லை. என் ரத்த அழுத்தத்துக்கு அவரே பொறுப்பு என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் ‘எதிர்பார்ப்பைத் தெளிவாகச் சொல்கிறாரா’ என்ற கேள்வியைப் படித்தபோது எனக்கு அந்த ஒற்றைக் கேள்விக்குறிதான் ஞாபகம் வந்தது.

நீங்கள் அறிவித்த மனநல வாரத்தை வேண்டாம் என்று சொல்லவில்லை. மூச்சுப் பயிற்சி சிலருக்கு உதவும். என் மனக்குறை வேறு. உலக சுகாதார நிறுவனம் 2019இல் தன் நோய் வகைப்பாட்டைப் புதுப்பித்தபோது, வேலையால் ஏற்படும் ‘பர்ன்அவுட்’ என்ற முழுச் சோர்வை ஒரு நோயாகச் சேர்க்கவில்லை. வேலையிடத்தில் நீண்ட நாள் நீடித்து, சரியாகக் கையாளப்படாத மன அழுத்தத்தின் விளைவு என்றுதான் விளக்கியது. அதன்படி பார்த்தால் சரிசெய்ய வேண்டிய முதல் இடம் வேலையிடம். நீங்களோ, ஊழியர்களின் உறுதி போதவில்லை, அதை வளர்க்க வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டரை ஆண்டுகள் இதைத் தாங்கிக்கொண்டு, 11 பேர் வேலையை 4 பேராகச் செய்துகொண்டிருப்பவர்களிடம் உறுதி இல்லை என்று சொல்வது எங்களுக்கு மிகவும் வலிக்கிறது.

“கண்டிப்பு இல்லாமல் வேலை நடக்குமா?” என்று உங்களில் ஒருவர் ஊழியர் கூட்டத்தில் கேட்டீர்கள். எங்களுக்கு இதே பிரிவில் முன்பு ஒரு மேலாளர் இருந்தார். அரைகுறை வேலையை அவர் ஒரு நாளும் வாங்கிக்கொண்டதில்லை. என் அறிக்கை ஒன்றை நான்கு தடவை திருப்பி அனுப்பியிருக்கிறார். எட்டு வருடத்துக்கு முன்னால், ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், தவறான கோப்பை வாடிக்கையாளருக்கு அனுப்பிவிட்டு நடுங்கிக்கொண்டே அவர் அறைக்குப் போனேன். அவர் கேட்டுவிட்டு, “சரி, அவர்களிடம் நான் பேசிக்கொள்கிறேன். நீங்கள் சரியான கோப்பைத் தயார் பண்ணுங்கள். இது எப்படி நடந்தது என்று திங்கட்கிழமை உட்கார்ந்து பார்ப்போம்” என்றார். நான் முடிக்கும் வரை தன் மேசையிலேயே இருந்தார். திங்கட்கிழமை சொன்னபடி உட்கார்ந்தோம். கடுமையான கேள்விகள்தான். ஆனால் அறைக்குள் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தோம், எல்லாக் கேள்வியும் கோப்பைப் பற்றியே இருந்தன. அன்று நாங்கள் சேர்ந்து எழுதிய சரிபார்ப்புப் பட்டியலைத்தான் இந்தப் பிரிவு இன்றைக்கும் பயன்படுத்துகிறது. அவர் காலத்தில் டார்கெட் இப்போதைவிடக் குறைவாக இருந்ததில்லை.

இப்போதைய மேலாளர் இரண்டு வாரம் லீவில் போனபோது என்ன ஆனது என்பதையும் பாருங்கள். அறையில் சத்தமும் சிரிப்பும் திரும்பின, ஆனால் வேலை நின்றுவிட்டது. எந்த முடிவையும் தானே எடுக்க யாருக்கும் துணிச்சல் வரவில்லை. உளவியலாளர் குர்ட் லெவினும் அவருடைய சகாக்களும் 1939இல் வெளியிட்ட ஆய்வில் சிறுவர் குழுக்களிடம் இதையே பார்த்தார்கள். அதட்டி நடத்தும் தலைவர் அறையை விட்டு வெளியே போனதும் அந்தச் சிறுவர்களின் வேலை சரிந்தது. கலந்து பேசி நடத்தும் தலைவர் போனபோது வேலை ஏறக்குறைய அப்படியே தொடர்ந்தது.

இதை எழுதும்போது மறைக்கக் கூடாத ஒன்று உண்டு. போன வருடக் கடைசியில் ஒரு நாள், எனக்குக் கீழே வேலை செய்யும் ஒருவரிடம், “உனக்கெல்லாம் யார் வேலை கொடுத்தது?” என்று கேட்டுவிட்டேன். அதே வார்த்தைகள், அதே குரல். அவர் ஒன்றும் சொல்லவில்லை. காலையில் நான் வந்தபோது வேலை முடிந்திருந்தது, அவர் அனுப்பிய நேரம் விடியற்காலை 3 மணி. அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் பரவாயில்லை என்றார். எனக்கு இன்னும் பரவாயில்லை ஆகவில்லை. மேலே இருப்பவரின் நடத்தை இப்படித்தான் படி இறங்கி வருகிறது. இனி மூன்று பிரிவுகளில் இறங்கப்போகிறது என்பதுதான் என் பயம்.

மேலாளர் ஒருவரை மட்டும் குற்றம் சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. அவர் இந்தத் தொழிலில் கெட்டிக்காரர், அதில் சந்தேகமே இல்லை. அந்தக் கெட்டிக்காரத்தனத்துக்குப் பரிசாக நீங்கள் அவரிடம் மனிதர்களை ஒப்படைத்தீர்கள். மனிதர்களை நடத்துவது எப்படி என்று ஒரு நாள்கூடப் பயிற்சி தரவில்லை. இரவு 10 மணிக்கு உங்களில் ஒருவர் அவரைக் கூப்பிட்டுச் சத்தம் போடுவதை நான் பக்கத்தில் இருந்து கேட்டிருக்கிறேன். போனை வைத்தபோது அவர் கை நடுங்கியது. 11 மணிக் கேள்விக்குறி எங்கிருந்து வருகிறது என்று அன்றைக்குத்தான் புரிந்தது. 2022இல் உலக சுகாதார நிறுவனம் வேலையிட மனநலத்துக்கென்று வெளியிட்ட வழிகாட்டுதல்களில், மேலாளர்களுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்பது ஒரு பரிந்துரை. மனச்சோர்வாலும் பதற்றத்தாலும் உலகம் ஆண்டுக்கு 1,200 கோடி வேலைநாட்களை இழக்கிறது என்பது அதே நிறுவனத்தின் மதிப்பீடு.

நான் எழுதிக் கொடுத்த இரண்டு புகார்களுக்கு வருகிறேன். முதல் புகாருக்கு, “நீங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்” என்று எச்.ஆர் பதில் எழுதியது. அந்தப் பதிலின் நகல் மேலாளருக்கும் போயிருந்தது, என் புகாரோடு சேர்த்து. இரண்டாவது புகாருக்கு, “ஒரு தடவை குரல் உயர்ந்ததைத் துன்புறுத்தல் என்று சொல்ல முடியாது” என்றார்கள். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2019இல் ஏற்றுக்கொண்டு 2021இல் நடைமுறைக்கு வந்த 190ஆம் உடன்படிக்கை, மனரீதியான தீங்கை ஏற்படுத்தும் நடத்தையையும் வேலையிட வன்முறை, துன்புறுத்தல் என்ற வரையறைக்குள் வைக்கிறது. அது ஒரு முறை நடந்தாலும் சரி, திரும்பத் திரும்ப நடந்தாலும் சரி என்றே அதில் எழுதியிருக்கிறது.

பொறுப்பு எவ்வளவு உயரம் வரை போகும் என்பதற்கு ஒரு வழக்கை மட்டும் நினைவுபடுத்துகிறேன். ‘பிரான்ஸ் டெலிகாம்’ நிறுவனத்தில் ஆயிரக்கணக்கானவர்களை வெளியேற்றும் திட்டம் நடந்த காலத்தில் ஊழியர்கள் பலர் தற்கொலை செய்துகொண்டார்கள். 2019 டிசம்பரில் பாரிஸ் நீதிமன்றம், அந்த நிறுவனத்தின் முன்னாள் தலைமை நிர்வாகி உட்பட உயரதிகாரிகள் நிறுவன அளவிலான மனத் துன்புறுத்தல் குற்றத்தைச் செய்ததாகத் தீர்ப்பளித்தது. அவர்கள் அந்த ஊழியர்களில் பெரும்பாலானவர்களை நேரில் பார்த்தவர்கள்கூட இல்லை. எங்கள் நிலைமையை அதற்குச் சமமாக வைக்கவில்லை. அந்த எல்லைக்குப் போகும் முன்பே நிறுத்துங்கள் என்று கேட்கிறேன்.

நான் உங்களிடம் கேட்பவை இவை. இந்தப் பதவி உயர்வை இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள். நிறுவனத்துக்கு வெளியே இருக்கும் ஒருவரை வைத்து விசாரியுங்கள். மேலாளர் தரப்பையும் முழுதாகக் கேட்கட்டும். அந்த இளைஞனுக்குக் கொடுத்த எச்சரிக்கைக் கடிதத்தைத் திரும்பப் பெறுங்கள். அதற்கு இரண்டு மாதம் முன்பு மீட்டிங் அறையில் அந்தப் பெண்ணுக்கு நடந்ததைப் பதிவேட்டில் சேர்க்காமல் அவன் மேல் மட்டும் கறை வைப்பது நியாயமில்லை.

மேலாளர்களை மதிப்பிடும்போது, அவர்களிடமிருந்து எத்தனை பேர் விலகினார்கள், எத்தனை பேர் வேறு பிரிவுக்கு மாற்றம் கேட்டார்கள், எத்தனை பேர் உடல்நலக் காரணத்தால் நீண்ட லீவு எடுத்தார்கள் என்பதையும் வருமானக் கணக்குக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். கீழே வேலை செய்பவர்கள் பெயர் சொல்லாமல் ஆண்டுக்கு இரண்டு முறை மேலாளரைப் பற்றிச் சொல்ல வழி செய்யுங்கள். அந்த முடிவு நேரே உங்கள் குழுவுக்கு வரட்டும், யாருடைய மேசையிலும் நிற்க வேண்டாம். புகார் கொடுத்தவரின் கடிதம், புகாருக்கு உள்ளானவர் கைக்கு அப்படியே போவதை இன்றைக்கே நிறுத்துங்கள். யாரையும் ஒரு குழுவுக்குப் பொறுப்பாக்கும் முன்பு அதற்கான பயிற்சியைக் கொடுங்கள். வேலை நேரத்துக்குப் பிறகு அவசரம் தவிர வேறு எதற்கும் அழைப்போ செய்தியோ கூடாது என்று விதி வையுங்கள். அந்த விதி உங்களுடைய 10 மணி அழைப்புகளிலிருந்து தொடங்கட்டும்.

இந்த மடலுக்கு 30 நாட்களுக்குள் எழுத்தில் பதில் கொடுங்கள், எல்லா ஊழியர்களும் படிக்கும்படி. அதற்கு முன்னால் ஒன்று மட்டும் செய்யுங்கள். விலகிப்போன ஏழு பேரின் தொலைபேசி எண்களும் எச்.ஆரிடம் இருக்கின்றன. எச்.ஆரையோ மேலாளரையோ விட்டுக் கூப்பிடச் சொல்லாமல், உங்களில் ஒருவரே அவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, ஏன் போனீர்கள் என்று கேளுங்கள்.

இப்படிக்கு,
14 ஆண்டுகளாக உங்களிடம் வேலை செய்யும் ஊழியர்